மூன்று லீற்றர் பாலும் ஒரு மலைவீடும்

எங்கள் மலைவீட்டைப் பற்றிப் பேச்செடுத்தால் நான்கு பேரில் ஒருவராவது சிரித்துவிடுவோம். வீடு என்று சொல்வதே கொஞ்சம் கூடுதல்தான். பலகைச் சுவர், தகரக் கூரை, இரண்டு சின்ன அறைகள், அந்த இரண்டையும் சேர்த்ததைவிடப் பெரிய ஒரு சமையல் குசினி, சாத்தினால் தானாகவே திறந்துகொள்ளும் கதவுள்ள ஒரு கழிப்பறை. சிட்னியிலிருந்து மேற்கே, புளூ மவுண்டன்ஸ் மலையில், யூக்கலிப்டஸ் மரங்களுக்கு நடுவே நின்றது. 2010இல் நாங்களும் இன்னொரு தம்பதியும் சேர்ந்து அதை வாங்கினோம். நாங்கள் குவேக்கர்ஸ் ஹில்லில் இருந்த யாழ்ப்பாணத்துக்காரர். அவர்கள் நார்த்மீட்டில் இருந்த மதுரைக்காரர். என் கணவரும் அந்த மதுரை நண்பரும் ஒரே கட்டுமான நிறுவனத்தில் வேலை பார்த்தார்கள். நண்பரின் மனைவி என்னை அக்கா என்று கூப்பிடுவாள். அவள் சிரிக்கத் தொடங்கினால் நிற்பாட்டுவது யாராலும் ஆகாத காரியம்.

குளிர்காலத்தில் அங்கே மனிதர் இருக்க முடியாது. இரவில் புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்துவிடும். அதனால் ஜூன் மாதத்தில் தண்ணீர், மின்சாரம், காஸ் எல்லாவற்றையும் நிறுத்திப் பூட்டிவிட்டு வந்துவிடுவோம். செப்டம்பரில் வசந்தம் தலைகாட்டியதும் போய்த் திறப்போம்.

அந்த வீட்டின்மேல் எனக்கிருந்த பைத்தியத்துக்குக் காரணம் உண்டு. சிட்னியில் எங்கள் சனிக்கிழமைகள் எங்களுக்குச் சொந்தமாக இருக்கவில்லை. பிறந்தநாள், அரங்கேற்றம், பெரியபிள்ளையானவர்களின் சாமத்தியவீடு என்று ஏதாவது ஒரு மண்டபம் காத்திருக்கும். எங்களுக்குக் கலியாணமாகி ஏழு வருடங்கள். பிள்ளை இல்லை. மண்டப வாசலில் நான் கால் வைத்ததும் யாராவது ஒரு அன்ரி என் கையைப் பிடித்துக்கொள்வார். முகத்தைப் பார்க்க மாட்டார், வயிற்றைத்தான் பார்ப்பார்.

"என்ன பிள்ளை, விசேஷம் ஒண்டும் இல்லையோ?"

கெட்டவர்கள் இல்லை. அன்போடுதான் கேட்பார்கள். அன்போடுதான் விரதம் சொல்வார்கள், டொக்டர் சொல்வார்கள், பப்பாளி சாப்பிடாதே என்பார்கள். நானும் பல்லைக் காட்டிச் சிரித்துவிட்டு, காரில் ஏறியதும் யன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். என் கணவரிடம் இதை ஒருநாளும் சொன்னதில்லை. ஆண்களை யார் கேட்கப்போகிறார்கள், அவராவது நிம்மதியாகச் சாப்பிடட்டும் என்று விட்டுவிட்டேன்.

மலைவீட்டுக்கு எந்த அன்ரியும் வரமாட்டார். "அங்க குளிர், பாம்பு, ஒரு கடையும் இல்லை, அங்க என்னத்துக்குப் பிள்ளை?" என்று அவர்களே சொல்லிவிட்டார்கள். கைத்தொலைபேசிக்குச் சிக்னலும் கிடையாது. அங்கே போனால் எனக்கு விசர் பிடித்துவிடும். உரத்துப் பாடுவேன், மத்தியானச் சாப்பாட்டுக்கு வெறும் முறுக்கும் ரீயும் போதும் என்பேன், செருப்பில்லாமல் ஈரப் புல்லில் ஓடுவேன். இவரும் தோட்டக் குழாயைப் பிடித்துக்கொண்டு என்னைத் துரத்துவார். எனக்கு அது விடுமுறை வீடு இல்லை. நான் ஒழுங்காக மூச்சு விடுகிற ஒரே இடம் அதுதான்.

அந்த இடம்தான் என் கையைவிட்டுப் போகப் பார்த்தது.

2011இல் வீட்டைத் திறந்தபோது நடந்ததுதான் எல்லாவற்றுக்கும் தொடக்கம். போனதும் போகாததுமாக நண்பரின் மனைவி ஒரு சின்னப் பாத்திரத்தில் பால் காய்ச்சினாள். நான்கு துளி வெளியே வழிந்தது, கைதட்டினோம். பிறகு தண்ணீர்க் குழாயை ஒரே திருப்பாக முழுவதும் திறந்தோம். குளிரில் எங்கேயோ குழாய் வெடித்திருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? சுவருக்குள்ளிருந்து தண்ணீர் பீறிட்டுக் குசினி முழுக்க ஓடியது. நான் வெறுங்காலோடு அந்தத் தண்ணீரில் நின்றுகொண்டு, பிரிட்ஜின் வயரைக் கழற்றக் கையை நீட்டினேன்.

"தொடாதையும்!"

இவர் போட்ட சத்தத்தில் மரத்திலிருந்த கொக்கற்றூக் கிளிகளே பறந்துவிட்டன. ஓடிப்போய் மெயின் சுவிட்சை நிறுத்தினார். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்று முழுவதும் என்னை ஒரு சுவிட்சையும் தொட விடவில்லை. அதற்குப் பிறகு ஒரு வருடம், நல்ல மனநிலையில் இருக்கும்போதும், "அந்த வீட்டை விப்பம்" என்பார். நான் அழுதும் பார்த்தேன், சண்டை பிடித்தும் பார்த்தேன். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்.

"இந்த முறை நான் சொல்லுற ஓடரில திறப்பம். ஒரு பிழையும் இல்லாமல் திறந்தால் வைச்சிருப்பம். ஏதாவது ஒண்டு பிழைச்சாலும் விப்பம். பிறகு நீர் அழக்கூடாது."

நண்பரும் மனைவியும், "நீங்க என்ன சொல்றீங்களோ அதான்" என்று ஒதுங்கிக்கொண்டார்கள். நான் ஓம் என்றேன். வேறு என்ன சொல்ல?

2012 செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை காலை, இரண்டு கார்களிலும் புறப்பட்டோம். இவர் வேலைத்தலத்தில் போடுகிற பளபளக்கும் மஞ்சள் மேலங்கியை வீட்டிலேயே போட்டுக்கொண்டுதான் ஏறினார். எம் ஃபோர் நெடுஞ்சாலையில் பக்கத்துக் காரில் போனவர்கள் எங்களை வீதி வேலைக்காரர் என்று நினைத்திருப்பார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது.

போய் இறங்கியதும் யாரும் வாசலை நெருங்க இவர் விடவில்லை. புல்லில் எங்களை வட்டமாக நிறுத்தினார். கட்டட வேலையில் ஒவ்வொரு நாளும் வேலை தொடங்க முதல் இப்படி ஆட்களை நிறுத்தி, இன்றைக்கு எதில் ஆபத்து, யார் என்ன செய்வது என்று சொல்வார்களாம். டூல்பொக்ஸ் டோக் என்று அதற்குப் பெயர். இவர் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு தொடங்கினார்.

"முதலாவது, பாம்பு. இப்பதான் எழும்பிற காலம். காலை அடிச்சு அடிச்சு நடக்கவேணும். இரண்டாவது, காத்து. மூண்டு மாசம் பூட்டின வீடு. எல்லா யன்னலும் திறந்து காத்துப் போனபிறகுதான் உள்ளுக்குப் போறது. காஸ் மணம் வந்தால் சுவிட்சைத் தொடக்கூடாது, நெருப்புக் கொழுத்தக்கூடாது, எல்லாரும் வெளியில. விளங்குதோ?"

"விளங்குது சார்" என்று நண்பர் சலாம் போட்டார்.

"பகிடி விடாதையும் ஐசே."

பாம்புக்காகக் காலை அடித்துக்கொண்டு நான்கு பெரிய மனிதர்கள் வீட்டைச் சுற்றினோம். மூன்றாவது எட்டிலேயே நண்பரின் மனைவி கைதட்டிக் கும்மியடிக்கத் தொடங்கிவிட்டாள். நானும் சேர்ந்துகொண்டேன். நண்பரும் சேர்ந்துகொண்டார். இவர் மட்டும் மேலங்கியோடு முன்னால் மிதித்து மிதித்துப் போனார். அந்த நேரத்தில் அந்தப் பக்கம் பாம்பு ஏதாவது இருந்திருந்தால் அடுத்த மலைக்கே குடிபெயர்ந்திருக்கும்.

இவர் மட்டும் போய் யன்னல்களைத் திறந்துவிட்டு வந்து, காற்றுப் போனபிறகுதான் எங்களை உள்ளே விட்டார். எலி வந்து போயிருந்தது. தும்புத்தடியால் கூட்டப் போன நண்பரின் மனைவியை இவர் தடுத்தார். காய்ந்த எலிப் புழுக்கையைக் கூட்டினால் தூசியோடு நோயும் மூக்குக்குள் போய்விடுமாம். முகமூடி, கையுறை எல்லாம் போட்டு, மருந்துத் தண்ணீர் தெளித்து ஊறவைத்து, ஈரத் துணியால் துடைத்தோம். கழிப்பறை இருக்கைக்குக் கீழே முதுகில் சிவப்புக் கோடு போட்ட விஷச் சிலந்தி ஒன்று இருந்தது. அதை நண்பர் செருப்பால் அடித்துவிட்டு, அன்று முழுவதும் அந்தக் கதையை வளர்த்துக்கொண்டே போனார். மத்தியானமானபோது அந்தச் சிலந்தி உள்ளங்கையளவு ஆகிவிட்டது.

அலுமாரியைத் திறந்தபோதுதான் என் உயிர் போய் வந்தது. உள்ளே இருந்து மயிரும் வாலுமாக ஒன்று என் தோளில் குதித்து, அங்கிருந்து மேசைக்குத் தாவி, யன்னலால் வெளியே போனது. போசம்! இங்கே கூரைகளுக்குள் குடியேறுகிற, பூனையளவு மரவிலங்கு. நான் போட்ட கூச்சலில் எல்லாரும் ஓடி வந்தார்கள். எனக்குப் போசத்தைவிட இவருடைய முகத்தைப் பார்க்கத்தான் பயமாக இருந்தது.

"இது பிழைதானே?" என்றார் இவர்.

"பாஸ், அது எப்படிப் பிழையாகும்?" நண்பர் வக்கீலாகிவிட்டார். "அதுவா வந்துச்சு, அதுவா போயிருச்சு. நாம ஒண்ணுமே பண்ணலையே."

"யன்னல் திறந்திருந்தபடியால்தானே அது வெளியில போனது? உங்கட ஓடர் வேலை செய்யுது எண்டுதான் அர்த்தம்" என்றேன் நான்.

இவர் யன்னலை எட்டிப் பார்த்தார். "சரி, போசத்தைக் கணக்கில எடுக்கேல்லை" என்றார். நண்பரின் மனைவி சிரித்துச் சிரித்துத் தரையில் இருந்துவிட்டாள்.

மின்சாரப் பெட்டியில் சுவிட்சுகளை ஒவ்வொன்றாகப் போட்டார். புகை எச்சரிக்கைக் கருவிக்குப் புது பற்றரி மாற்றி, அமுக்கிப் பார்த்தோம். அது கத்திய கத்தலுக்கு நானும் அவளும் ஆடினோம். பிறகு தண்ணீர். போன வருடம் பிழைத்த இடம் இதுதான். எல்லாக் குழாய்களையும் திறந்து வைத்துவிட்டு, வெளியே போய் மெயின் வால்வைக் கால்வாசி மட்டும் திருப்பினார். ஓடி வந்து சுவரில் காதை வைத்தார். நானும் பக்கத்தில் காதை வைத்தேன். எங்கள் இரண்டு பேருடைய மூக்கும் முட்டுகிற தூரம். "மூச்சு விடாதையும்" என்றார். நான் எப்போதோ நிறுத்திவிட்டிருந்தேன். குழாய் தும்மியது, இருமியது, கறள் பிடித்த செம்பழுப்பு நிறத்தில் துப்பியது. பிறகு தெளிந்த தண்ணீர் வந்தது. சுவர் காய்ந்தபடியே இருந்தது. நான் அவருடைய கன்னத்தில் ஒரு முத்தம் கொடுத்துவிட்டு ஓடிவிட்டேன். கலியாணமான புதிதில்கூட நான் இப்படிச் செய்ததில்லை.

கடைசியாகக் காஸ். வெளிச்சுவரோரம் நின்ற பெரிய சிலிண்டரைத் திறந்து, பொருத்துகளில் சவர்க்கார நுரை பூசினார். ஒரு குமிழிகூட வரவில்லை. அடுப்பைப் பற்றவைத்தார். நீலமாக எரிந்தது.

"முடிஞ்சுது" என்றார். அவருடைய வாய் ஓரத்தில் ஒரு சிரிப்பு. ஒரு பிழையும் இல்லை! வீடு எங்களுக்குத்தான்! நான் குசினிக்குள் சுற்றிச் சுற்றி ஆடினேன். தலை கிறுகிறுத்துக் கதிரையில் விழுந்தேன்.

"இனிப் பால்தான் காய்ச்ச வேணும்" என்றார் இவர்.

இவர் கோயிலுக்கும் நான் இழுத்தால்தான் வருகிற ஆள். ஆனால் பால் விஷயத்தில் மட்டும் பெரிய சாத்திரி. போன வருடத்துக் குழாய் வெடிப்புக்குக் குளிர் பாதிக் காரணம், நண்பரின் மனைவி காய்ச்சிய பால் மிச்சக் காரணம் என்று இந்தப் பொறியியலாளர் மனதார நம்பினார். "அது பொங்கேல்லை. எட்டிப் பாத்திட்டுத் திரும்பிப் போனது" என்பார்.

"அண்ணா, பொங்கி வந்தாப் போதும். அடுப்பு பூரா வழியணுமா என்ன?" என்றாள் அவள்.

"ஓம். வழியவேணும். நாலு பக்கமும் வழியவேணும்."

அதற்காகவே வீட்டிலிருந்து சோறு காய்ச்சுகிற பெரிய பானையைக் கொண்டுவந்திருந்தார். மூன்று லீற்றர் பாலை அதில் விளிம்பு முட்ட ஊற்றினார். அடுப்பை முழு வீச்சில் வைத்தார். பின்னேரக் காற்று எழும்பிவிட்டது. செப்டம்பரில் மலையில் அடிக்கிற காற்று சும்மா காற்றல்ல. யன்னல் வழியே வந்து அடுப்பின் சுவாலையைச் சாய்த்தது.

"காத்து அடுப்பை அணைச்சுப்போடும். யன்னலைப் பூட்டும்" என்றார். காலையில் காற்றைப் பற்றி எங்களுக்கு வகுப்பெடுத்த அதே வாய். நானும் ஓடிப்போய் எல்லா யன்னல்களையும் பூட்டினேன். கதவையும் சாத்தினேன். ஒருவருக்கும் ஒன்றும் உறைக்கவில்லை. அவ்வளவு சந்தோஷத்தில் இருந்தோம்.

நண்பர் கைத்தொலைபேசியில் படம் பிடிக்கத் தொடங்கினார். நாங்கள் பானையைச் சுற்றி நின்றோம். பால் ஆடை கட்டியது, விளிம்பில் நுரைத்தது, மெல்ல எழும்பியது. "வருது, வருது" என்று எல்லாரும் ஒன்றாகக் கத்தினோம். வந்தது! நாலு பக்கமும் குபுகுபுவென்று வழிந்தது. அடுப்பெல்லாம் பால், மேடையெல்லாம் பால், இவருடைய மஞ்சள் மேலங்கியெல்லாம் பால். நண்பரின் மனைவி குலவை போட்டாள். நான் துள்ளினேன். என் கணவர் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு, "பொங்கினது எண்டால் இதுதான் பொங்கினது!" என்றார்.

"இரும், கற்பூரம் கொழுத்துவம்" என்றார் என்னிடம்.

அடுப்புப் பற்றவைக்கிற லைட்டரை நண்பரின் மனைவி எடுத்து நீட்டினாள். சாமிக்கு லைட்டர் சரிவராது என்று இவர் மறுத்துவிட்டார். சாமிப்படத்தட்டில் நெருப்புப்பெட்டி ஒன்று கிடந்தது. ஜூனில் விட்டுவிட்டுப் போனது. ஒரு குச்சியை எடுத்து உரசினார். மருந்து மாவாக உதிர்ந்தது. இன்னொன்றை எடுத்தார். அதுவும் உதிர்ந்தது.

"நமுத்துப் போயிருக்கு பாஸ்" என்றார் நண்பர், படம் பிடித்தபடியே.

"நல்ல குச்சி ஒண்டாவது இருக்கும்" என்று இவர் பெட்டியைக் கிளறினார்.

பால் மேடையிலிருந்து தரைக்கு வழிந்துகொண்டிருந்தது. நான் துணியோடு கீழே குந்தினேன். தரைக்குக் கிட்ட முகம் போனதும்தான் மூக்கில் அடித்தது. கருகிய பால் மணத்துக்கு அடியில் இன்னொரு மணம். அழுகின முட்டைபோல. நிமிர்ந்து அடுப்பைப் பார்த்தேன். பானைக்குக் கீழே சுவாலை இல்லை. நாலு பக்கமும் பொங்கிய பால் அடுப்பை எப்போதோ அணைத்துவிட்டது. காஸ் மட்டும் போய்க்கொண்டேயிருந்தது. மேலே என் கணவர் இன்னொரு குச்சியைப் பெட்டியில் வைத்து அழுத்துகிறார்.

"காஸ்!"

அது என் குரலா என்று எனக்கே தெரியவில்லை. எழும்பி நெருப்புப்பெட்டியை அவர் கையிலிருந்து தட்டிவிட்டேன். அடுப்புக் குமிழைத் திருப்பி நிறுத்தினேன். "சுவிட்சைத் தொடாதைங்கோ, எல்லாரும் வெளியில!" காலையில் அவர் சொன்னது வார்த்தைக்கு வார்த்தை என் வாயில் வந்தது. நண்பர் வெளியே ஓடிச் சிலிண்டரைப் பூட்டினார். நானும் அவளும் போகிற போக்கில் யன்னல்களைத் தள்ளித் திறந்தோம். இவர் அசையாமல் நின்றார். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுதான் வெளியே வந்தேன்.

புல்லில் போய் நால்வரும் நின்றோம். வீடு சும்மா நின்றது. ஒன்றும் நடக்கவில்லை. நடக்காத அந்த ஒன்றை நினைத்தபடி புல்லிலேயே குந்திவிட்டேன்.

முதலில் சிரித்தது நண்பரின் மனைவிதான். "அண்ணா, அந்தத் தீப்பெட்டிக்குத்தான் நாம கோயில் கட்டணும்" என்றாள். நண்பருக்கும் சிரிப்புப் பிடித்துக்கொண்டது. படம் பிடிப்பதை இன்னும் நிறுத்தாமல் கையிலேயே வைத்திருந்தார். எனக்கும் சிரிப்பு வந்தது, கண்ணால் நீர் ஓடியது, எது எதற்கென்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. எல்லாம் முடிந்துவிட்டது என்று எனக்குத் தெரியும். ஏதாவது ஒன்று பிழைத்தாலும் விற்பது. இதைவிடப் பெரிய பிழை எங்கே போய்த் தேடுவது?

இவர் ஒரு வாளியைக் கவிழ்த்து அதன்மேல் இருந்தார். மேலங்கியிலிருந்து பால் சொட்டிக்கொண்டிருந்தது.

சிரிப்பு அடங்கிய பிறகு நண்பர் தயங்கித் தயங்கிக் கேட்டார். "அப்போ பாஸ்... வித்துடலாமா?"

இவர் என்னைப் பார்த்தார்.

"அடுத்த சனிக்கிழமை எங்களுக்கு என்ன இருக்கு?"

"அரங்கேற்றம். பிறகு இரவு ஒரு பேர்த்டே" என்றேன்.

"இதை வித்துப்போட்டு அங்கயோ போய் நிக்கிறது?" என்றார். வாளியில் இருந்தபடி புல்லைப் பார்த்துக்கொண்டு பேசினார். "காரைப் பாக் பண்ண முதலே அங்கிள்மார் வந்திடுவினம். என்ன தம்பி, டொக்டரிட்டக் காட்டினனீரோ, பிழை ஆரில எண்டு கேப்பினம். சாப்பாட்டுக் கோப்பையோட நிக்கேக்க கேப்பினம். ஏழு வருசமாக் கேக்கினம். உமக்குத் தெரிஞ்சால் கவலைப்படுவீர் எண்டு சொல்லேல்லை."

நண்பரும் மனைவியும் சத்தமில்லாமல் காருக்குப் பக்கம் போய்விட்டார்கள். ஏழு வருடமாக ஒவ்வொரு சனிக்கிழமை இரவும் அந்தக் காரில் நான் என் யன்னல் பக்கம் திரும்பியிருக்கிறேன். வீதியைப் பார்த்து ஓட்டிக்கொண்டு வந்தவரை ஒருநாளாவது திரும்பிப் பார்த்திருக்கலாம்.

"என்னட்டயும் கேக்கிறவை" என்றேன்.

"ஓமோ?" என்றார். அவருக்கும் அது புதுச் செய்தி.

தவழ்ந்துபோய் அவருடைய வாளிக்குப் பக்கத்தில் இருந்தேன். பால் ஊறிய அந்த மேலங்கியில் தலையைச் சாய்த்தேன்.

"அடுத்த முறை பாலை வெளியில வைச்சுக் காய்ச்சுவம்" என்றார்.

எங்களுக்குப் பின்னால் யன்னல்கள் எல்லாம் காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தன. சாத்துவதற்கு ஒருவரும் எழும்பவில்லை.